பெருக்க மரம் பாலைவன மரமா?

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தை (ஆங்கிலத்தில் பாவோபாப்) பார்த்து வந்த ஒருவர் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். இது ஆப்பிரிக்கப் பாலைவனத்து மரம்தானா? சொந்த மண்ணில் எப்படிப்பட்ட இடத்தில் வளர்கிறது? இவ்வளவு பருத்த மரம் பூக்குமா? விதை கிடைத்தால் நம் ஊரில் ஊன்றலாமா? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலைவன மரம் என்பது தவறான எண்ணம். சகாராவின் நடுவே பெருக்க மரம் கிடையாது. நமீபியாவின் கடலோரப் பாலையிலும் கிடையாது. காங்கோ ஆற்றுப் படுகையின் மழைக்காட்டிலும் அதைத் தேடினால் கிடைக்காது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மழை பெய்து மீதி மாதங்கள் காய்ந்து கிடக்கும் சவானா நிலம்தான் அதன் வீடு. புல்லும் மரமும் கலந்து, வெயில் தரை வரை இறங்கும் நிலம் அது. மேற்கே செனகலில் தொடங்கி மாலி, புர்கினா பாசோ, நைஜீரியா வழியாகச் சூடான் வரை சகாராவின் தெற்கு விளிம்பை ஒட்டி ஒரு நீண்ட பட்டை. அங்கிருந்து கென்யா, தான்சானியா, மலாவி, மொசாம்பிக், ஜிம்பாப்வே என்று இறங்கித் தென்னாப்பிரிக்காவின் வடக்கு மூலையில் லிம்போப்போ பள்ளத்தாக்கில் முடியும் இன்னொரு பட்டை. மேற்குப் பக்கம் அங்கோலாவும் வடக்கு நமீபியாவும் சேரும்.

இந்தப் பரப்பை வரையறுப்பவை மழையும் குளிரும். ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைகூடப் போதும். 500 முதல் 800 வரை கிடைத்தால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உறைபனியை இளங்கன்றுகளால் தாங்க முடியாது. அதனால்தான் லிம்போப்போவுக்குத் தெற்கே, உயர்ந்த மேட்டுநிலத்தில் குளிர்காலப் பனி விழும் இடம் தொடங்கியதும் மரம் சட்டென்று நின்றுவிடுகிறது. பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கீழேதான் அதைக் காணலாம். தண்ணீர் தேங்கும் களிமண்ணும் ஆகாது. போட்ஸ்வானாவில் மக்கடிக்கடி உப்புப் பரப்பின் நடுவே கருங்கல் குன்றாக எழும் குபு தீவில், மண்ணே இல்லாதது போன்ற பாறை இடுக்குகளில் பெருக்க மரங்கள் நிற்கின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலர் இதைப் பாலைவன மரம் என்று முடிவு கட்டுகிறார்கள் என்பது என் ஊகம்.

பக்கத்தில் என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று பார்த்தால் இடம் இன்னும் தெளிவாகும். தெற்கே அது மொப்பானி மரங்களின் காட்டில் நிற்கிறது. கிழக்கே, நம் வேலியோரக் கிளுவையின் பேரினத்தைச் சேர்ந்த முட்செடிகளுக்கும் வேல மர வகைகளுக்கும் நடுவே. மேற்கே செனகல், மாலி ஊர்களில் அதன் அண்டை வீட்டுக்காரர் யார் தெரியுமா? புளிய மரம். நம் ரசத்துக்கும் குழம்புக்கும் உயிராக இருக்கும் புளி, ஆப்பிரிக்க சவானாவைப் பூர்வீகமாகக் கொண்டது. கரையான் புற்றுகளை ஒட்டிப் புளியும் பெருக்க மரமும் சேர்ந்து வளர்வது அங்கே சாதாரணக் காட்சி. தமிழில் பெருக்க மரத்துக்கு ஆனைப்புளி, பப்பரப்புளி என்றும் பெயர்கள் உண்டு. புளிப்பான காயை வைத்து வந்த பெயர்களாக இருக்கலாம். ஆனால் தாவரவியலில் இரண்டுக்கும் உறவில்லை. பெருக்க மரத்தின் சொந்தங்கள் இலவம், பருத்தி, பூவரசு, வெண்டை ஆகியவை. இலையைப் பார்த்தாலே இலவத்தின் உறவு என்று தெரிந்துவிடும். ஒரே காம்பிலிருந்து ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல்களாக விரிகின்றன.

இந்தப் பேரினத்தில் மொத்தம் எட்டு இனங்கள். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: அடன்சோனியா டிஜிடாட்டா. மடகாஸ்கர் தீவில் மட்டும் ஆறு. மீதி ஒன்று வடமேற்கு ஆஸ்திரேலியாவில். நாட்காட்டிகளில் வரும், மண் சாலையின் இருபுறமும் தூண்களாக உயர்ந்து நிற்கும் மரங்கள் மடகாஸ்கரின் மொரொண்டாவா அருகே இருப்பவை. அவை வேறு இனம். மன்னாரில் இருப்பது பெருநிலத்து இனம். பேரினத்தின் பெயர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அடான்சனின் பெயரை ஒட்டி வைத்தது. 1749-இல் செனகலுக்குப் போய் ஏறத்தாழ ஐந்தாண்டு தங்கியவர் அவர். அவருக்கு முன்பே 1592-இல் இத்தாலிய மருத்துவர் புரோஸ்பெரோ அல்பினி, கெய்ரோ சந்தையில் விற்ற இதன் காயைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1352-இல் மாலிப் பேரரசுக்குப் பயணம் செய்த இபுன் பதூதா, வழியெங்கும் பெரிய பெரிய மரங்களைக் கண்டார். சில மரங்களின் பொந்தில் மழைநீர் கிணறாகத் தேங்கியிருந்தது, சிலவற்றில் தேனீக்கள் இருந்தன. ஒரு மரத்துக்குள் நெசவாளி ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். மரத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த வழியில் உள்ளே ஆள் உட்கார்ந்து நெய்யக்கூடிய மரம் வேறு எது? (மதுரை சுல்தான் கியாசுதீனுக்கு உறவுமுறையான அதே இபுன் பதூதாதான் இவர். மதுரையைப் பார்த்த கண்கள் மாலியையும் பார்த்திருக்கின்றன.)

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பெருக்க மரம் ஒரு தண்ணீர்த் தொட்டி, வறட்சியில் அந்த நீரைக் குடித்து உயிர்வாழ்கிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். பாதி உண்மை. அதன் கட்டை மிக மென்மையானது. பச்சை எடையில் பெரும்பங்கு நீர். ஆனால் மடகாஸ்கர் இனங்களில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வுகள் ஒரு சுவையான செய்தியைச் சொல்கின்றன. அந்த நீரை மரம் அன்றாட வெயிலைச் சமாளிக்க எடுத்துச் செலவழிப்பதில்லை. வறண்ட மாதங்களில் இலைகளையே உதிர்த்துவிட்டுச் செலவை நிறுத்திவிடுகிறது. மழை வரப்போகும் காலத்தில், மண் இன்னும் காய்ந்திருக்கும்போதே, சேமித்த நீரைக் கொண்டு புதுத் தளிர் விடுகிறது. தளிர் வந்தபின்னும் மழை வந்து மண் நனையும் வரை இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறது. அந்த நீருக்கு இன்னொரு வேலையும் உண்டு: மரத்தை நிற்க வைப்பது. இவ்வளவு மென்மையான கட்டை, செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால்தான் விறைப்பாக நிற்கிறது. நீர் வடிந்துபோனால் மரம் தன் எடையையே தாங்காது. இப்படிப்பட்ட மரம் சேமிப்பை எப்படித் தாராளமாகக் குடித்துத் தீர்க்க முடியும்?

ஆண்டில் எட்டு மாதம் வரை இலையில்லாமல் நிற்கும் மரத்துக்கு உணவு எப்படி என்று கேட்கலாம். பட்டையின் மேல்தோலை நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் பச்சை தெரியும். அந்தப் பச்சை அடுக்கு இலையில்லாக் காலத்திலும் வெயிலைப் பிடித்து ஓரளவு உணவு தயாரிக்கிறது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மற்ற மரங்கள் பட்டுப்போகும். பெருக்க மரம் புதுப் பட்டை வளர்த்துக்கொள்ளும். பல தலைமுறைகளாக நார் உரிக்கப்பட்ட மரங்களின் அடிப்பகுதியில் அந்தத் தழும்புகளைத் தெளிவாகப் பார்க்கலாம். கயிறு, கூடை, வலை எல்லாம் அந்த நாரிலிருந்து வந்தவை.

இனி பூ. என்னைக் கேட்டால், தண்டின் பருமனைவிடப் பூவின் கதைதான் பெரிது. ஆனால் பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

மொட்டு ஒரு நீண்ட காம்பின் நுனியில் கிளைக்குக் கீழே தொங்கும். உருண்டையாக, பச்சையாக, சிறு எலுமிச்சைக்கும் பெரிதாக இருக்கும். மாலை வெயில் தணிந்து இருள் கவியத் தொடங்கும்போது புல்லிதழ்கள் பிரிந்து பின்னோக்கிச் சுருள்கின்றன. பிறகு வெள்ளை இதழ்கள் ஐந்தும் கண்ணெதிரே விரிகின்றன. நின்று பார்த்தால் அசைவு தெரியும் அளவுக்கு வேகம். முழுதாக விரிந்த பூ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தை எட்டக்கூடும். நடுவே நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் ஒரு குழாயாக இணைந்து, நுனியில் பந்தாகப் பரந்து நிற்கும். அந்தப் பந்தைத் தாண்டிச் சூல்தண்டு நீண்டு வளைந்திருக்கும். வாசனை நமக்குப் பிடிக்காது. அழுகிய முட்டைக்கோசும் இறைச்சியும் கலந்த நெடி. அந்த நெடி மனிதர்களுக்காக வைத்ததில்லை. மறுநாள் காலை இதழ்கள் வாடத் தொடங்கும், பழுப்பேறும், மாலைக்குள் உதிரும். ஒரு பூவுக்குக் கிடைப்பது ஒரே ஓர் இரவு.

அந்த ஓர் இரவில் யார் வருகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்மையான விருந்தாளி பழந்தின்னி வௌவால். வைக்கோல் நிறத்தில் பெரிய வௌவால் ஒன்று இருக்கிறது: ஐடலான் ஹெல்வம். கண்டம் முழுக்க இடம்பெயரும் இனம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாம்பியாவின் கசங்கா தேசியப் பூங்காவில் லட்சக்கணக்கில் கூடுவது இதுதான். அது பூவைத் தழுவிக்கொண்டு தேனை நக்கும்போது மார்பெல்லாம் மகரந்தம் படிகிறது. அடுத்த மரத்துக்குப் போகும்போது நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் அது ஒட்டுகிறது. தொங்கும் பூ, நீண்ட காம்பு, முன்னால் தள்ளி நிற்கும் தாள்கள், இரவில் தெரியும் வெள்ளை, தூரத்துக்கு வீசும் நெடி. இந்த வடிவம் முழுவதும் சிறகுள்ள ஒரு கனமான உயிருக்காக அமைந்தது. கென்யாவில் நம் தேவாங்கின் உறவான புஷ்பேபியும் இந்தப் பூக்களை நக்க வருவதை 1960-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

தெற்கே போனால் கதை மாறுகிறது. போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா பக்கங்களில் இரவு முழுவதும் காத்திருந்து பார்த்த ஆய்வாளர்களுக்கு வௌவால்கள் அரிதாகவே தட்டுப்பட்டன. வந்தவை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள். மேற்கத்திய மரங்களின் பூவுக்கும் தெற்கத்திய மரங்களின் பூவுக்கும் வடிவில் வேறுபாடுகள் இருப்பதையும் கண்டார்கள். ஒரே இனம்தான். ஆனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் அங்கு இருக்கும் விருந்தாளிக்கு ஏற்ப வீட்டு வாசலை மாற்றிக்கொண்டிருக்கிறது போலும். அதனால் 'பெருக்க மரத்தின் இயற்கை வாழிடம்' என்று மழை அளவையும் மண் வகையையும் மட்டும் எழுதினால் கதை முடிவதில்லை. இரவில் யார் பறக்கிறார்கள் என்பதும் வாழிடத்தில் சேரும். ஐடலான் வௌவாலைக் கானா போன்ற நாடுகளில் இறைச்சிக்காகப் பெருமளவில் வேட்டையாடுகிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. மரத்தை வெட்டாமல் விட்டாலும் வௌவால் போய்விட்டால் காய்க்குமா என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் நியாயமான கவலை.

பூக்கும் காலம் தெற்கில் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர். மேற்கில் மே முதல் ஜூலை. இரண்டு இடத்திலும் மழையின் தொடக்கத்தை ஒட்டியே வருகிறது. பூத்த மரமெல்லாம் காய்க்கும் என்று நினைக்க வேண்டாம். பெனின் முதல் லிம்போப்போ வரை ஊர் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது: பெருக்க மரத்தில் ஆண் மரம், பெண் மரம் என்று உண்டு. தாவரவியல்படி ஒவ்வொரு பூவிலும் இரண்டு பாலும் இருப்பதால் இதைப் படித்தவர்கள் சிரித்து ஒதுக்கினார்கள். பிறகு லிம்போப்போவில் ஆய்வாளர்கள் சாரா வென்டரும் எட் விட்கோவ்ஸ்கியும் மரம் மரமாகக் கணக்கெடுத்தபோது, ஊரார் சொன்னதில் விஷயம் இருப்பது தெரிந்தது. சில மரங்கள் ஆண்டுதோறும் நிறையக் காய்க்கின்றன. வேறு சில மரங்கள் அதே அளவு பூத்தும் விரல்விட்டு எண்ணும் காய்களுக்கு மேல் தருவதில்லை. ஏன் என்பதைப் பூவின் அமைப்பில் தேடுகிறார்கள். முழு விடை இன்னும் வரவில்லை. ஊர்ப்பேச்சைக் கேட்டுக்கொள்ளும் ஆய்வாளருக்கு வேலை மிச்சம் என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

காய் கடினமான ஓடு கொண்டது. மேலே வெல்வெட் போன்ற மென்மயிர். உடைத்தால் உள்ளே சாறு இருக்காது. மரத்திலேயே காய்ந்து, வெள்ளை மாவுக்கட்டிகளாக, நார்களுக்கு நடுவே விதைகளைப் பொதிந்து வைத்திருக்கும். வாயில் போட்டால் கரைந்து புளிக்கும். வைட்டமின் சி ஏராளம். செனகலில் இதைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்து புயி என்ற பானம் செய்கிறார்கள். கென்யாவின் மொம்பாசாவிலும் தான்சானியக் கரையோரத்திலும் மாவு ஒட்டிய விதைகளைச் சிவப்புச் சாயமும் மிளகாயும் சேர்த்த பாகில் புரட்டி மபுயு என்று விற்கிறார்கள். பள்ளி வாசல்களில் நாம் வாங்கித் தின்ற புளிப்பு மிட்டாய்க்குச் சமம். இலைகூட வீணாவதில்லை. நைஜீரியாவின் ஹவுசா மக்கள் காயவைத்த இலைப்பொடியில் கொழகொழப்பான குழம்பு வைக்கிறார்கள். செனகலில் அந்தப் பொடியைச் சிறுதானியக் கூஸ்கூஸில் கலக்கிறார்கள். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் காய்மாவை உணவாக விற்க அனுமதித்தது. அதன் பிறகு வெளிநாட்டுக் கடைகளில் விலை உயர்ந்த சத்துமாவு ஆகிவிட்டது. அது தனிக்கதை.

விதையின் தோல் மிகக் கெட்டி. யானையும் பபூன் குரங்கும் எலாண்ட் மானும் காயைத் தின்று விதையைத் தூரத்தில் கழிக்கின்றன. செரிமானப் பாதையில் தோல் இளகிய விதை எளிதில் முளைக்கும். ஆனால் இந்த மரத்தை அதிகம் பரப்பிய விலங்கு எது என்று கேட்டால் நான் மனிதனைச் சொல்வேன்.

மாலியின் தென்மேற்கில் கிறிஸ் டுவால் என்ற புவியியலாளர் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மக்கள் குடியிருந்த இடங்களிலும் கைவிடப்பட்ட பழைய ஊர் மனைகளிலும் பெருக்க மரங்கள் அடர்த்தியாக இருந்தன. ஆளில்லாத புதரில் குறைவு. யாரும் தோப்பு போட்டு வளர்க்கவில்லை. காயைத் தின்று விதையைக் குப்பையில் எறிந்தார்கள், முளைத்த கன்றை வெட்டாமல் விட்டார்கள். ஊர் கலைந்த பின்னும் மரங்கள் நின்றன. காட்டுக்குள் திடீரென்று பெருக்க மரக் கூட்டம் தெரிந்தால் அங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்தது என்று வழி சொல்பவர்கள் ஊகித்துக்கொள்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் அப்படியே. பழைய சுவாஹிலி நகரங்களின் இடிந்த சுவர்களுக்கு நடுவே, கென்யாவின் கெடியில் நிற்பது போல, பெருக்க மரங்கள் நிற்கின்றன. காட்டு மரம், நாட்டு மரம் என்று நாம் போடும் கோடு இந்த மரத்திடம் எடுபடாது.

சூடானின் மேற்கு கோர்டோஃபானில் இந்த உறவு உச்சத்தைத் தொட்டது. ஆறோ குளமோ இல்லாத மணல் நிலம் அது. ஹமர் இன மக்கள் அங்கே தபல்தி என்று அழைக்கும் இந்த மரத்தின் உட்புறத்தைக் குடைந்து, மழைக்காலத்தில் அடியில் தேங்கும் நீரை வாளியால் மொண்டு மேலே ஊற்றி நிரப்பி வைத்தார்கள். ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். கோடை முழுவதற்கும் குடிநீர் அதுதான். மரம் உயிரோடு இருக்கும், நீரும் கெடாது. மரங்களுக்குப் பெயரும் உரிமையாளரும் இருந்தனர், பரம்பரைச் சொத்தாகக் கைமாறின. நமக்கு ஏரியும் கண்மாயும் போல அவர்களுக்கு மரம்.

தான்சானியாவின் எயாசி ஏரியருகே வேட்டையும் சேகரிப்புமாக வாழும் ஹட்சா மக்களுக்கோ இது உணவும் தேனும். மென்மையான தண்டில் கூராக்கிய மரமுளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, அவற்றையே படிகளாகக் கொண்டு ஏறி, பொந்துத் தேனை எடுக்கிறார்கள். தேன்கூடு எங்கே என்று தேன்காட்டிப் பறவை முன்னால் பறந்து குரல் கொடுத்துக் காட்டும். எடுத்தபின் எஞ்சும் மெழுகு அதன் பங்கு. செனகலின் செரேர் மக்கள், கிரியோ எனப்படும் பாணர்கள் இறந்தால் மண்ணில் புதைக்காமல் பெருக்க மரத்தின் பொந்துக்குள் வைத்தார்கள். நாடு விடுதலை அடைந்தபின் அந்த வழக்கம் நின்றுவிட்டது. செனகல் அரசுச் சின்னத்தில் சிங்கத்தோடு இந்த மரமும் இருக்கிறது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தில் வளையங்களை எண்ணி வயது சொல்ல இங்கே வழியில்லை. வளையங்கள் தெளிவில்லை, நடுப்பகுதி பெரும்பாலும் வெற்றிடம். அடான்சன் 5,000 ஆண்டுக்கு மேல் என்று கணக்குப் போட்டார், அது மிகை. ருமேனியாவைச் சேர்ந்த அட்ரியன் பட்ரூட் குழு கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்தபோது, மிகப் பழையதாக வந்தது ஜிம்பாப்வேயின் பாங்கே மரம்: ஏறத்தாழ 2,450 ஆண்டுகள். பெரிய மரங்கள் பல, ஒற்றைத் தண்டாகத் தோன்றினாலும், வட்டமாக முளைத்த பல தண்டுகள் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டவை என்பதும் அவர்கள் கண்டது. நடுவில் இருக்கும் அறை பல நேரங்களில் உளுத்த பொந்து இல்லை. தண்டுகள் சூழ்ந்து நின்றதால் உண்டான இடைவெளி.

அதே குழு 2018-இல் வெளியிட்ட கட்டுரைதான் உலகச் செய்தியானது. 2005-க்குப் பின், மிகப் பழைய 13 மரங்களில் 9 மரங்களும், மிகப் பெரிய 6 மரங்களில் 5 மரங்களும் முழுதாகவோ பகுதியாகவோ சரிந்துவிட்டன. பாங்கேயும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்த போட்ஸ்வானாவின் சாப்மன் மரம் 2016 ஜனவரியில் விழுந்தது. வெப்பமும் வறட்சியும் கூடியது காரணமாக இருக்கலாம் என்று அவர்களே ஐயத்தோடுதான் எழுதினார்கள். 'பெருக்க மரம் அழிகிறது' என்ற தலைப்புகள் செய்தித்தாள்களின் வேலை. மிகச் சில முதிய மரங்களை வைத்து இனம் முழுவதையும் தீர்மானிக்க முடியாது. தாமஸ் பெய்ன்ஸ் என்ற ஓவியர் 1862-இல் போட்ஸ்வானாவின் நிக்சாய் உப்புப் பரப்புப் பக்கம் வரைந்த பெருக்க மரக் கூட்டம் இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் நிற்கிறது.

எனக்குப் பெரிய கவலை முதியவற்றைப் பற்றியதைவிடக் கன்றுகளைப் பற்றியது. பெருக்க மரக் கன்றின் முதல் இலைகள் விரல்களாகப் பிரிவதில்லை. சாதாரண ஒற்றை இலைகள். தாய் மரத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காண முடியாது. அதனால்தான் இம்மரம் வளர்ந்த நிலையிலேயே கடவுளால் எறியப்பட்டது என்ற கதைகள் பிறந்தன என்று சிலர் சொல்கிறார்கள். கன்றின் இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிடித்தமான தீனி. கிழங்காகப் பருத்த அதன் வேர் மனிதருக்கும் பிடிக்கும். மேய்ச்சல் கூடிய ஊர்ப்புறங்களில் பெரிய மரங்கள் மட்டும் நிற்கும். கீழே அடுத்த தலைமுறை இருக்காது. காப்பகங்களுக்குள் வேறு சிக்கல். வறட்சிக் காலத்தில் யானைகள் தண்டைத் தந்தத்தால் குத்திக் கிழித்து ஈரமான நாரை மெல்கின்றன; மெலிந்த மரம் சாய்ந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கக் காப்பகங்களில் சில மரங்களின் அடியைச் சுற்றிக் கம்பிவலை கட்டியிருப்பது அதனால்தான். விதையைப் பரப்பும் யானையே மரத்தைச் சாய்க்கவும் செய்கிறது. யானைகள் சுற்றித் திரியப் பரந்த நிலம் இருந்தவரை இது கணக்கில் சரியாகவே இருந்தது. வேலிக்குள் அடைத்த பின்தான் கணக்குப் பிசகியது.

மன்னார் மரத்துக்கு வருவோம். சுமார் 19 மீட்டர் சுற்றளவுள்ள அந்த மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வது வழக்கம். பக்கத்து மாந்தை பழங்காலத் துறைமுகம் என்பதால் இது பொருந்தாத செய்தி இல்லை. ஆனால் வணிகரோடு கதையை முடித்துவிடக் கூடாது. இந்தியாவில் உள்ள பெருக்க மரங்களின் மரபணுவை ஆராய்ந்து கேரன் பெல், ஹரிப்பிரியா ரங்கன் முதலியோர் 2015-இல் எழுதிய கட்டுரை, அவை ஆப்பிரிக்காவின் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளிலிருந்து பல முறை வந்து சேர்ந்தவை என்று காட்டியது. கப்பலோட்டிகளாகவும் படைவீரராகவும் அடிமைகளாகவும் இந்தப் பெருங்கடலைக் கடந்த ஆப்பிரிக்கர்களின் பங்கையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஊர் விட்டு ஊர் போகிறவன் மடியில் முடிந்துகொள்ள, மாதக்கணக்கில் கெடாத புளிப்பான உணவு கொண்ட காய் நல்ல துணை. உண்டபின் விதை மிஞ்சும். மன்னாரின் வறண்ட காற்றும், கோடை முழுவதும் காயும் மண்ணும், வடகிழக்குப் பருவமழையும், உறைபனியே அறியாத வெப்பமும் அதற்குப் புதியவை இல்லை.

கடைசிக் கேள்வி, ஊன்றலாமா? ஊன்றலாம், இடம் இருந்தால். விதையின் ஒரு ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்க்கவும், அல்லது கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஒரு நாள் ஊறவிடவும். இப்படிச் செய்யாத விதை மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மணல் அதிகம் கலந்த மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் முளை வரும். கன்றுக்கு நீர் தேங்கினால் வேர் அழுகும். இலை உதிர்ந்து நிற்கும் மாதங்களில் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். செத்துவிட்டது என்று நினைத்து அப்போது ஊற்றும் தண்ணீரே அதைக் கொல்லும். ஆட்டுக்கு எட்டாதபடி வேலி கட்டுங்கள். வீட்டுச் சுவர், கிணறு, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விலகி நடுங்கள். வேர் மரத்தின் உயரத்தைவிட அதிகத் தூரம் பக்கவாட்டில் ஓடும். களிமண் வயலிலும், மலைப்பகுதிக் குளிரிலும் நடுவது வீண். பூவுக்கு அவசரப்பட வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவிலேயே விதையிலிருந்து முதல் பூ வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. தெற்கே வறண்ட இடங்களில் அதைப்போல் பல மடங்கு. பூத்தால் மகரந்தம் சுமக்க நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால்கள் இருக்கின்றன. ஆனால் ஒற்றை மரத்தை நம்பாமல், முடிந்தால் வெவ்வேறு மரங்களின் விதையிலிருந்து வந்த இரண்டு மூன்று கன்றுகளாக நடுங்கள். அயல் மகரந்தம் கிடைத்தால்தான் நன்றாகக் காய்க்கும்.